ஏழு அங்குல மரக்கட்டை, நான்கு ஆணிகள்

உங்களில் யாராவது கப் ஸ்கவுட்டில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தச் சின்னப் பெட்டி உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். உள்ளே ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், நான்கு ஆணிகள். அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது, பேட்டரி கிடையாது, ரிமோட்டும் கிடையாது. கட்டையின் நீளம் 7 அங்குலம். பெரியவர்கள் கைக்கு ஒரு சாண்கூட வராது. சாண் என்றால் என்னவா? கையை நன்றாக விரித்து மேசைமேல் வையுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை உள்ள தூரம்தான் ஒரு சாண்.

இந்தக் கட்டையைக் காராகச் செய்து, உயரமான ஒரு சரிவிலிருந்து ஓடவிட்டுப் பந்தயம் நடத்துவார்கள். அதன் பெயர் பைன்வுட் டெர்பி. காரைத் தள்ளக்கூடாது. சாவி கொடுக்கக்கூடாது. பூமி இழுப்பதால் மட்டுமே அது ஓட வேண்டும். சுமார் மூன்று வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த மூன்று வினாடிக்காகப் பல வீடுகளில் மூன்று வாரம் வேலை நடக்கும்!

பெட்டி கைக்கு வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது படம் வரைவதுதான். ஃபெராரி மாதிரி ஒன்று, ராக்கெட் மாதிரி ஒன்று, சுறாமீன் மாதிரி ஒன்று. "அம்மா, மூக்கு கூரா இருந்தா ஃபாஸ்டா போகும்ல?" என்று என் மகனும் கேட்டான். கொஞ்சம் உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. வேகத்தின் பெரும்பகுதி வெளியே தெரியாத இடங்களில்தான் இருக்கிறது. எடையை எங்கே வைத்தீர்கள், ஆணியை எவ்வளவு வழுவழுப்பாகத் தேய்த்தீர்கள், கார் நேராக ஓடுகிறதா, இந்த மூன்றும்தான் முக்கியம். இவை மூன்றுமே எட்டு வயதுப் பிள்ளையின் கையால் செய்யக்கூடிய வேலைகள். சொல்லப்போனால், சின்ன விரல்களுக்குத்தான் இவை நன்றாக வரும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பந்தயத்துக்குப் போனால், கடையில் வாங்கியது போலப் பளபளக்கும் கார்கள் சில இருக்கும். "நீ எப்படிப் பண்ணினே?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டால், அது அப்பா முகத்தைப் பார்க்கும். வேகமான கார் வேண்டும் என்றால் பெரியவர்கள்தான் செய்தாக வேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது தேவையே இல்லை.

இது எப்படித் தொடங்கியது?

கலிஃபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே டான் மர்ஃபி என்பவர் ஒரு கப் ஸ்கவுட் குழுவை நடத்தி வந்தார். அந்தக் காலத்தில் சோப் பாக்ஸ் டெர்பி என்ற பந்தயம் மிகவும் பிரபலம். பிள்ளைகளே ஒரு வண்டி செய்து, அதில் உட்கார்ந்து, சரிவில் ஓட்டி வருவார்கள். மர்ஃபியின் மகனுக்கு அதில் சேர வயது போதவில்லை. பெரிய வண்டிக்குப் பதிலாகக் கையில் அடங்கும் வண்டி செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். முதல் பந்தயம் 1953 மே 15 அன்று நடந்தது. அடுத்த ஆண்டு, 1954 அக்டோபரில், பாய்ஸ் லைஃப் என்ற ஸ்கவுட் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார்கள். அதன்பின் நாடு முழுவதும் பரவிவிட்டது. அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்பதுதான் மர்ஃபியின் ஆசை. இப்போது கப் ஸ்கவுட்டில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அம்மாக்களும் ரம்பம் பிடிக்கிறோம்.

ரம்பம் யார் கையில்?

முதலில் காகிதத்தில் பக்கவாட்டுப் படம் வரைந்து, வெட்டி, கட்டைமேல் ஒட்டுங்கள். கட்டையின் அடியில் குறுக்கே இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஆணிகளைச் செருகும் இடம் அதுதான். அந்தப் பள்ளங்களை நன்றாகப் பாருங்கள். ஒன்று முனைக்குக் கிட்டே இருக்கும், இன்னொன்று சற்றுத் தள்ளி இருக்கும். முனைக்குக் கிட்டே இருக்கும் பள்ளம் காரின் பின்பக்கமாக வந்தால் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மரத்தை அறுப்பது பெரியவர்கள் வேலை. மின்ரம்பம் என்றால் கட்டாயம் அவர்கள்தான். கைரம்பம் என்றால், கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளையையும் கொஞ்சம் அறுக்க விடலாம். அதன்பின் பெரியவர்கள் தள்ளி நிற்கட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, வண்ணம் பூசுவது, எல்லாம் உங்களுடையது. சொரசொரப்பான தாளில் தொடங்கி மெல்லிய தாளில் முடியுங்கள். மரத்தின் வரி ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வண்ணம் பூசும்போது பள்ளங்களை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். உள்ளே பெயின்ட் போனால் ஆணி சரியாக உட்காராது.

வடிவத்துக்கு இவ்வளவு போதும். ஆப்பு போல முன்னால் மெலிந்து பின்னால் சற்று உயர்ந்திருந்தால் காற்று அதிகம் தடுக்காது. சுறாமீன்தான் வேண்டும் என்றால் சுறாமீனே செய்யுங்கள். அகலம் மட்டும் கவனம். சக்கரத்தோடு சேர்த்து 2¾ அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.

எடை என்ற புதிர்

வழக்கமான விதிப்படி கார் 5 அவுன்ஸுக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது சுமார் 142 கிராம். கனமான கார் வேகமாக ஓடுமா, லேசான கார் வேகமாக ஓடுமா? நிறையப் பேர் லேசான கார்தான் என்பார்கள். பறவை, காற்றாடி எல்லாம் லேசாகத்தானே இருக்கின்றன!

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மேசைப்பந்தையும் ஏறக்குறைய அதே அளவுள்ள ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒரே வேகத்தில் எறியுங்கள். மேசைப்பந்து கொஞ்ச தூரத்திலேயே துவண்டு விழுந்துவிடும். எலுமிச்சம்பழம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் தடுத்தது ஒரே காற்றுதான். ஆனால் கனமான பொருளை நிறுத்துவது காற்றுக்குக் கஷ்டம். நம் காருக்கும் அப்படித்தான். எனவே விதி எவ்வளவு எடை கொடுக்கிறதோ, அதை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

செதுக்கி முடித்த கார் பொதுவாக 5 அவுன்ஸை எட்டாது. மீதியை நாம் சேர்க்க வேண்டும். சமையலறைத் தராசை அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் கார், சக்கரம், ஆணி எல்லாம் சேர்ந்து 95 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தய இடத்துத் தராசு கொஞ்சம் வேறாகக் காட்டலாம் என்பதால் நம் இலக்கு 141 கிராம். இன்னும் 46 கிராம் வேண்டும். அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசு ஒன்று சரியாக 5 கிராம். அப்படியானால் எத்தனை காசு? ஒன்பது வைத்தால் 45 கிராம். மீதி ஒரு கிராமுக்குப் பசை இருக்கிறது!

காசு எளிது, ஆனால் இடத்தை அடைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு சுமார் 7.8 கிராம் இருக்கும். அதே அளவு ஈயம் 11.3 கிராம். டங்ஸ்டன் என்ற உலோகம் 19.3 கிராம்! விலை கூடத்தான், ஆனால் சின்ன இடத்தில் அதிக எடையை வைக்கலாம். ஈயம் உடம்புக்கு நஞ்சு. பிள்ளைகள் கையில் அது வேண்டவே வேண்டாம்.

சரி, எடையை எங்கே வைப்பது? நடுவிலா, முன்னாலா, பின்னாலா?

பந்தயத் தடம் தொடக்கத்தில் சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து சரிந்து இறங்கி, பிறகு தரையோடு சமமாகப் போகும். பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் இருக்கும் ஒரு பொருளுக்குள் ஆற்றல் சேர்ந்திருக்கும். அதன் பெயர் நிலையாற்றல். கீழே இறங்க இறங்க அது வேகமாக மாறும். அப்போது அதை இயக்க ஆற்றல் என்கிறோம். எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ, அவ்வளவு வேகம்.

எல்லாக் கார்களின் மூக்கும் ஒரே கோட்டில்தான் நிற்கும். ஆனால் கார் சாய்ந்து நிற்கிறது, இல்லையா? அப்படியென்றால் மூக்கைவிட வால்தான் உயரத்தில் இருக்கிறது! எடையைப் பின்னால் வைத்தால் அது கொஞ்சம் அதிக உயரத்திலிருந்து இறங்கும். சரிவு 30 பாகை இருந்தால், எடையை 2 அங்குலம் பின்னால் தள்ளும்போது அது 1 அங்குலம் உயரத்தில் ஏறிவிடுகிறது. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. யோசித்து ஓர் அங்குலத்தைச் சம்பாதித்துவிட்டீர்கள். முனைக்குக் கிட்டே இருக்கும் பள்ளத்தைப் பின்னால் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். பின் அச்சு எவ்வளவு பின்னால் போகிறதோ, எடையும் அவ்வளவு பின்னால் போகலாம்.

ஆனால் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வாலில் கட்டினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், கார் ஆட்டம் காணும். அதனால் காரை ஓர் அளவுகோலின் விளிம்பில் குறுக்கே வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அதுதான் எடை மையம். அது பின் அச்சுக்குச் சுமார் 1 அங்குலம் முன்னால் இருந்தால் போதும்.

ஆணியில்தான் விஷயம்

சக்கரத்தைத் தாங்கும் தண்டுக்கு அச்சு என்று பெயர். மாட்டு வண்டியில் சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் இருக்க, அச்சின் முனையில் ஒரு சின்ன ஆணி செருகியிருப்பார்கள். அது அச்சாணி. கடையாணி என்றும் சொல்வார்கள். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று ஒரு பழமொழியே இருக்கிறது. முச்சாண் என்றால் மூன்று சாண். நம் காரில் ஒரே ஆணி இரண்டு வேலையும் செய்கிறது பாருங்கள். தண்டு அச்சு, தலை அச்சாணி!

நானும் உங்களைப் போல இந்த நாட்டில் படித்தவள்தான். அச்சாணி என்ற சொல்லை என் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஊரிலிருந்து வந்திருந்தபோது, பேரன் ஆணி தேய்ப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னடா கண்ணா பண்றே?" "ஆணியை ஸ்மூத்தா பண்றேன் தாத்தா. உரசினா ஸ்லோ ஆயிடும்." "நாங்க வண்டி மை போடுவோம்" என்றார் தாத்தா. மாட்டு வண்டி அச்சில் தடவும் கறுப்பு மசகுதான் வண்டி மை. அது இல்லாவிட்டால் வண்டி கிறீச் கிறீச் என்று ஊருக்கே கேட்கும்படி கத்துமாம்.

பெட்டியில் வரும் ஆணியை நகத்தால் தடவிப் பாருங்கள். தலைக்கு அடியில் சின்னச் சின்னப் பிசிறுகள் தட்டுப்படும். தண்டிலும் கோடுகள் இருக்கும். சக்கரம் சுற்றும்போது இவையெல்லாம் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். அதுதான் உராய்வு. உராய்வு வேகத்தைத் தின்றுவிடும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பெரியவர் ஆணியின் கூர்முனையை டிரில்லில் பொருத்தி மெதுவாகச் சுழல விடுவார். நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, முடி நீளமாக இருந்தால் கட்டிக்கொண்டு உட்காருங்கள். முதலில் ஒரு சின்ன அரத்தால் தலைக்கு அடியில் உள்ள பிசிறுகளை எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய உப்புத்தாளை நாடா போல வெட்டி, தண்ணீரில் நனைத்து, சுழலும் ஆணியைச் சுற்றிப் பிடியுங்கள். 400 எண் தாள், அடுத்து 600, அடுத்து 1000. எண் கூடக் கூடத் தாள் மெல்லியதாகும். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் பொறுமையாகப் பிடித்தால், கடைசியில் ஆணியில் உங்கள் ஜன்னல் தெரியும். நான்கு ஆணிக்கும் இதே வேலை. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் காரில் இதைவிட முக்கியமான அரைமணி நேரம் வேறு இல்லை.

அடுத்தது கிராஃபைட் பொடி. பென்சிலின் நடுவில் இருக்கும் கறுப்புப் பொருள்தான் இது. எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும், தடமும் அழுக்காகும். அதனால் பல குழுக்களில் உலர்ந்த பொடியை மட்டும்தான் அனுமதிப்பார்கள். சக்கரத்தின் ஓட்டையில் கொஞ்சம் தூவி, ஆணியைச் செருகி, விரலால் சுண்டிவிடுங்கள். மறுபடி தூவி, மறுபடி சுண்டுங்கள். செய்தித்தாள் விரித்து, முடிந்தால் வெளியே உட்கார்ந்து செய்யுங்கள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு தூவாதீர்கள். விரல், சட்டை, சில வேளை மூக்கு நுனியும் கறுப்பாகிவிடும். தாத்தா அதைப் பார்த்ததும், "இதுவும் வண்டி மைதானே!" என்று சிரித்தார்.

சக்கரம் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சுண்டிவிட்டு, நிற்கும் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணுங்கள். பொடி போடுமுன் எத்தனை, போட்டபின் எத்தனை என்று எழுதி வைத்துப் பாருங்கள்.

நேராக ஓட வேண்டும்

ஆணிகளைப் பள்ளத்தில் செருகும்போது, சக்கரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கிரெடிட் கார்டு ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இப்போதே பசை போடக்கூடாது.

தடத்தின் நடுவில் ஒரு மரப்பட்டை ஓடும். கார் விலகிப் போகாமல் அது காக்கிறது. கார் கோணலாக ஓடினால் சக்கரம் அந்தப் பட்டையில் இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு என்று முட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு முட்டும் கொஞ்சம் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பளபளக்கும் கார்கள் பல இங்கேதான் தோற்கின்றன.

வீட்டில் நீளமான, சமமான பலகையோ மேசையோ இருந்தால் ஒரு முனைக்கு அடியில் ஒரு புத்தகம் வையுங்கள். நடுவே நேர்கோடாக டேப் ஒட்டி, அதன்மேல் காரை மெதுவாக விடுங்கள். இடது பக்கம் போகிறதா, வலது பக்கம் போகிறதா? முன் ஆணி ஒன்றைக் கடிகார முள் போலக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி விடுங்கள். எந்த ஆணியும் முழுக்க நேராக இருக்காது. அதனால் திருப்பும்போது சக்கரம் பார்க்கும் திசை கொஞ்சம் மாறும்.

நான் வேலையில் மென்பொருள் எழுதுகிறேன். ஒரு நிரல் சரியாக ஓடவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் மாற்றிப் பார்ப்போம். இரண்டு இடத்தை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. இங்கேயும் அதே வழிதான். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த ஆணி, எவ்வளவு திருப்பினேன், கார் எந்தப் பக்கம் போனது. பத்துப் பன்னிரண்டு முறை செய்தபின் உங்கள் காரின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். திருப்தி வந்தபின் பள்ளத்தில் மட்டும் ஒரு துளி பசை விடுங்கள். சக்கரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில தந்திரங்கள் உண்டு. முன்சக்கரம் ஒன்றைத் தரையில் படாமல் லேசாகத் தூக்கிவிட்டு, மூன்று சக்கரத்தில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சில குழுக்களில் அது சரி, சில குழுக்களில் கூடாது. உங்கள் குழுவின் விதித்தாளை முதலிலேயே படித்துவிடுங்கள்.

பந்தய நாள்

முதலில் காரை எடை போட்டு, நீள அகலம் பார்த்து, எண் ஒட்டி வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதன்பின் தொடக்கூடாது. எடை கொஞ்சம் கூடிவிட்டால் வாசலிலேயே குறைக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் கடைசிக் காசை எளிதாக எடுக்கும்படி காரின் அடியில் ஒட்டச் சொல்வேன்.

பல தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு தடம் கொஞ்சம் வேகமாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு காரும் எல்லாத் தடத்திலும் ஒரு முறை ஓடும்படி பல குழுக்களில் ஏற்பாடு செய்வார்கள். முடிவுக் கோட்டில் மின்னணுக் கடிகாரம் நேரத்தைக் குறிக்கும். 0.01 வினாடி வித்தியாசத்தில் ஒரு கார் தோற்றது என்பார்கள். அது எவ்வளவு தெரியுமா? சரிவின் அடியில் கார் வினாடிக்குச் சுமார் 16 அடி வேகத்தில் வருகிறது. 0.01 வினாடியில் அது ஏறக்குறைய 2 அங்குலம் போகும். இரண்டு விரல் மடிப்பு! எடையைப் பின்னால் தள்ளியதும் ஆணியைத் தேய்த்ததும் அந்த இரண்டு அங்குலத்துக்காகத்தான்.

அடுத்த ஆண்டு இதே காரை ஓட்டப் பெரும்பாலும் விடமாட்டார்கள். புதுப் பெட்டி, புதுக் கட்டை. ஆனால் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய காரை வீட்டிலேயே வையுங்கள். புதுக் காரைப் பலகையில் விடும்போது, பக்கத்தில் பழையதையும் விட்டுப் பார்க்கலாம். பழையதை விடும் வேலையைத் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுங்கள்.